கிணற்றைத் தோண்டுமுன் மண்ணுக்குச் சொல்ல ஒரு மந்திரம் வேண்டும்

வலிவடக்கு மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மந்திரத்தைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காணி யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில், ஆறு பரப்பு (பரப்பு எங்கள் ஊர் நில அளவு). 1990 ஆனி மாதம் ஒரு உரப்பைக்குள் உடுப்பைத் திணித்துக்கொண்டு அங்கிருந்து வெளிக்கிட்டோம். அப்போது எனக்கு ஒன்பது வயது. இராணுவத்தின் கையில் இருந்த காணி விடுபட்டு இப்போது நான்கு வருடமாகிறது. முதல் நாள் போனபோது வீடு இல்லை, வேலி இல்லை, எல்லை தெரியவில்லை. முழுக்க நாயுருவியும் பற்றையும். அப்பா கிணற்றை வைத்துத்தான் காணியைக் கண்டுபிடித்தார். கிணறும் கிணறாக இல்லை. இடிந்த வீட்டுச் சுவர், ஓடு, சீமெந்துத் துண்டு எல்லாவற்றையும் உள்ளே தள்ளி யாரோ மூடியிருந்தார்கள். கட்டின் ஒரு பக்கம் மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்தது. தண்ணீர் இறைக்கிற துலாவைத் தாங்கிய துலாக்கால் நின்ற இடத்தை அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தடவிப் பார்த்தார்.

இந்த ஆவணியில், மாரி தொடங்குவதற்கு முன், கிணற்றைத் தூர் எடுக்க முடிவு செய்திருக்கிறோம். அப்பாவுக்கு 78 வயது. முதல் அலவாங்கு (கடப்பாரை) தன் கையால்தான் போடவேண்டும் என்று நிற்கிறார்.

இனி மந்திரத்துக்கு வருகிறேன். என் அப்பாச்சி விடிய எழும்பியதும் பாயில் இருந்தபடியே பக்கத்தில் திரும்பி, சாணத்தால் மெழுகிய தரையில் வலது உள்ளங்கையை வைத்து அழுத்துவார். அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். வாய்க்குள் ஏதோ சொல்வார். அதில் 'பாத ஸ்பரிசம்' என்ற சொல் மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. கடைசியில் தமிழில் 'பொறுத்துக்கொள் தாயே' என்பார். அதன் பிறகுதான் காலைத் தரையில் வைப்பார். 1995 இடப்பெயர்வில் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் ஏழு குடும்பங்களோடு படுத்திருந்தோம். அந்தச் சீமெந்துத் தரையிலும் அப்பாச்சி கையை வைத்துவிட்டுத்தான் எழும்பினார். அந்த வகுப்பறையிலேயே 1996 மாசியில் கண்ணை மூடினார். அதை எழுதி வாங்கிவைக்க எங்களில் யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

எனக்குத் தெரியவேண்டியவை: அந்த மந்திரம் முழுவதும் என்ன? அதில் விஷ்ணுவின் பெயர் வருகிறது என்று ஒருவர் சொன்னார். நாங்கள் பரம்பரையாகச் சைவர்கள், அது பொருந்துமா? காலை வைப்பதற்கு மன்னிப்புக் கேட்க ஒரு மந்திரம் இருந்தால், மண்ணைத் தோண்டுவதற்கும் ஒன்று இருக்கத்தானே வேண்டும்? ஐயர் வந்து பூமி பூசை செய்வார், அது வேறு. அப்பா தன் வாயால் சொல்ல ஒன்று வேண்டும்.

(கனடாவில் இருக்கிற தம்பி 'பழைய கிணற்றை விடுங்கள், குழாய்க்கிணறு அடிக்கக் காசு அனுப்புகிறேன்' என்கிறான். அது வீட்டுக்குள் ஓடுகிற இன்னொரு கதை.)

---

நல்லூர்ச் சலங்கை எழுதியது:

அக்கா, உங்கள் அப்பாச்சி சொன்னதை நான் கிழமையில் நான்கு நாள் சொல்கிறேன். நான் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறவள். இதுதான் அந்தச் சுலோகம்:

ஸமுத்ரவஸநே தேவி பர்வதஸ்தநமண்டலே
விஷ்ணுபத்நி நமஸ்துப்யம் பாதஸ்பர்சம் க்ஷமஸ்வ மே

கடலை ஆடையாக உடுத்தவளே, மலைகளை மார்பாக உடையவளே, விஷ்ணுவின் தேவியே, உன்னை வணங்குகிறேன், என் கால் உன்மேல் படுவதைப் பொறுத்துக்கொள் என்பது பொருள். 'க்ஷமஸ்வ மே' என்பதைத்தான் அப்பாச்சி தன் தமிழில் இன்னொரு முறை சொல்லியிருக்கிறார்.

நடன வகுப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் தட்டிக்கும்பிட்டு மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறோமே, அதன் கருத்தும் இதுதான். அடுத்த ஒரு மணி நேரம் அவளை உதைக்கப்போகிறோம், அதற்கு முன்கூட்டியே மன்னிப்பு. சிறு பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அம்மாவின் மடியில் ஏறி மிதித்து விளையாடிவிட்டு 'நோகுதா' என்று கேட்கிற வயது அவர்களுக்கு.

ஒரு பிள்ளை என்னிடம் 'ரீச்சர், எங்கள் ஊரில் மலையே இல்லையே' என்று கேட்டாள். கீரிமலை என்று பெயர் இருக்கிறதே தவிர அங்கேயும் ஏறிப்போக மலை இல்லை. ஆனால் கடல் ஆடை என்பது எங்களுக்குப் பொருந்துகிற மாதிரி வேறு யாருக்குப் பொருந்தும்? எந்தத் திசையில் சைக்கிள் ஓடினாலும் கடைசியில் கடலோ கடல்நீரேரியோதான் வருகிறது. அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு இதைத்தான் சொன்னேன்.

---

இணுவில் பெரியவர் எழுதியது:

பிள்ளை, விஷ்ணுபத்நி என்ற சொல்லைப் பார்த்துத் தயங்கவேண்டாம். வராகமாக வந்து பூமியைத் தூக்கியெடுத்தவர் திருமால் என்பதால் பூமிதேவியை அப்படி அழைப்பது வழக்கம். சைவத்திலும் நிலம் இறைவனின் உருவம்தான். சிவபெருமானுக்கு அட்டமூர்த்தம் என்று எட்டு வடிவம் சொல்கிறோம். நிலம், நீர், தீ, காற்று, வெளி, சூரியன், சந்திரன், உயிர் என்று எண்ணும்போது முதலில் நிற்பது நிலம். காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் மண்ணாலான லிங்கம் என்பதால் அங்கே லிங்கத் திருமேனிக்கு நீரால் அபிஷேகம் இல்லை.

கோயில் திருவிழா நோட்டீசில் 'மிருத்சங்கிரகணம்' என்று ஒரு வரி போடுவார்கள், யாரும் வாசிக்காமல் கொடியேற்றம் எத்தனை மணிக்கு என்று பார்ப்பார்கள். அது மண்ணெடுக்கிற கிரியை. கொடியேறுமுன் பூமிதேவியைப் பூசித்து, அவளிடம் அனுமதி கேட்டு, மண்வெட்டியால் கொஞ்சம் மண் எடுப்பார்கள். அந்த மண்ணைப் பாலிகை என்கிற மண்சட்டியில் இட்டு நவதானியம் முளைக்கவிடுவார்கள். கோயிலுக்கு ஒரு பிடி மண் எடுக்கவே கேட்டுத்தான் எடுக்கிறார்கள். நீங்கள் கிணறு தோண்டக் கேட்பது சரியான முறை.

அப்பா தமிழில் சொல்ல விரும்பினால் திருவாசகத்துப் போற்றித் திருவகவலில் 'பாரிடை ஐந்தாய்ப் பரந்தாய் போற்றி' என்று தொடங்குகிற ஐந்து அடிகளைச் சொல்லட்டும். மண்ணிலே ஓசை, தொடுகை, உருவம், சுவை, மணம் ஐந்தும் இருக்கின்றன, அந்த ஐந்துமாய் இருப்பவனே என்று மாணிக்கவாசகர் கும்பிடுகிறார். முடிக்கும்போது 'வான்முகில் வழாது பெய்க' பாடுங்கள். பூசை முடிவில் எல்லோருக்கும் வாய்ப்பாடமான பாட்டு என்பதால் அதன் முதலடி மழையைக் கேட்கிறது என்பதை மறந்துபோகிறோம். கந்தபுராணத்தில் கச்சியப்ப சிவாசாரியார் பாடியது. ஆறு இல்லாத எங்கள் ஊரில் அந்த முதலடியை நின்று நிதானித்துப் பாடவேண்டும்.

---

வடமொழி மாணவி எழுதியது:

அக்கா கேட்ட மூன்றாவது கேள்விக்கு நேரே விடை இருக்கிறது. அதர்வவேதத்தின் பன்னிரண்டாம் காண்டத்தில் முதல் சூக்தம் பூமி சூக்தம். 63 மந்திரங்கள். 'மாதா பூமி: புத்ரோ அஹம் ப்ருதிவ்யா:', பூமி தாய், நான் மண்ணின் பிள்ளை என்கிற வரி அதில் 12 ஆவது மந்திரத்தில் வருகிறது. அதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்கு அடுத்த சொற்களை விட்டுவிடுவார்கள்: மழைதான் தகப்பன், அவர் எங்களை நிறைக்கட்டும்.

உங்களுக்கு வேண்டியது 35 ஆவது:

யத் தே பூமே விகநாமி க்ஷிப்ரம் ததபி ரோஹது
மா தே மர்ம விம்ருக்வரி மா தே ஹ்ருதயம் அர்பிபம்

பூமியே, உன்னில் நான் எதைத் தோண்டுகிறேனோ அது விரைவில் மறுபடி வளர்ந்து மூடிக்கொள்ளட்டும். தூய்மை செய்பவளே, உன் மர்மத்தை நான் குத்தாமல் இருக்கவேண்டும், உன் இதயத்தைக் குத்தாமல் இருக்கவேண்டும்.

மர்மம் என்பது இங்கே இரகசியம் இல்லை, வர்மத்தில் சொல்வதுபோல அடிபட்டால் உயிர்போகிற இடம். இதை முதன்முதலில் வகுப்பில் வாசித்த அன்று என்னால் அடுத்த மந்திரத்துக்குப் போகமுடியவில்லை. தோண்டாதே என்று அந்த மந்திரம் சொல்லவில்லை. தோண்டுகிறவன் சொல்கிற மந்திரம் அது. கிழங்குக்கோ, தூணுக்கோ, கிணற்றுக்கோ தோண்டித்தான் ஆகவேண்டும் என்று தெரிந்த ஒருவர், உயிர்நிலையில் மட்டும் என் கை பட்டுவிடக்கூடாது என்று பயந்து கேட்கிறார்.

---

இணுவில் பெரியவர் எழுதியது:

நல்ல மந்திரம், மகளே. ஒன்று மட்டும் சொல்லவேண்டும். வேத மந்திரத்துக்குச் சுரம் உண்டு, குருமுகமாகக் கேட்டுப் படிக்காமல் ஓதுவதில்லை என்பது பெரியவர்கள் வகுத்த முறை. ஐயரிடம் கேட்டு அவரைக்கொண்டு ஓதுவியுங்கள். பொருளை அப்பா தமிழில் சொல்லட்டும். அதற்கு எந்தத் தடையும் இல்லை.

---

ஸ்காபரோ வாசகன் எழுதியது:

நான் பதினோராம் மாடியில் இருக்கிறேன். கட்டிலால் இறங்கினால் கால் படுவது கம்பளத்தில், அதன் கீழே கொங்கிரீட், அதன் கீழே பத்து வீடு. இருந்தாலும் அக்காவின் பதிவைப் படித்த மறுநாள் விடிய, கையைக் கீழே வைத்தேன். பள்ளிக்கூடத்துத் தரையிலும் ஆச்சி கை வைத்தார் என்று எழுதியிருந்ததால் வைத்தேன்.

---

புத்தூர்க் கிணற்றடி எழுதியது:

தங்கச்சி, மந்திரம் எனக்குத் தெரியாது. கிணறு தெரியும். 31 வருடம் கிணறு வெட்டுகிறதும் தூர் எடுக்கிறதும்தான் என் தொழில், என் அப்புவுக்கும் அதுதான். மேலே அந்தப் பிள்ளை எழுதின 'மர்மத்தைக் குத்தாமல்' என்ற வரியைப் பேரனைக்கொண்டு இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எங்கள் ஊர் மண்ணுக்கு மர்மம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நான் சொல்லப் பேரன் தட்டுகிறான்.

வலிகாமத்தில் மேலே செம்மண், அதன் கீழே சுண்ணாம்புக்கல். அந்தக் கல் முழுக்கத் துளையும் வெடிப்பும் பொந்தும். மாரியில், ஐப்பசி முதல் மார்கழி வரை, பெய்கிற மழை அந்தத் துளைகளால் இறங்கிக் கல்லுக்குள் நிற்கிறது. எங்களுக்கு வேறு தண்ணீர் இல்லை. வழுக்கியாறு என்று ஒன்று இருக்கிறது, அதுவும் மாரியில் மட்டும் ஓடும். கல்லுக்குள் நிற்கிற அந்த நல்ல தண்ணீருக்குக் கீழே கடல் தண்ணீர் இருக்கிறது. நான்கு பக்கத்தாலும் கல்லின் துளைகளுக்குள்ளால் வந்து கீழே நிற்கிறது. உப்புத் தண்ணீர் பாரம், நல்ல தண்ணீர் பாரம் குறைவு. அதனால் நல்லது உப்பின்மேல் மிதக்கிறது, பால்மேல் ஆடை மிதக்கிறதுபோல.

நவக்கிரியில் நிலாவரைக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். அடியே இல்லை என்று சனம் சொல்லும். மேலே அள்ளினால் நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. யாழ்ப்பாணத்து நிலத்தை நிறுத்திவைத்து வெட்டிப் பார்த்தால் எப்படியிருக்குமோ அதை அந்த ஒரு கிணறு காட்டுகிறது.

இன்னொன்று. படித்த எஞ்சினியர் ஒருவர் எனக்குச் சொன்ன கணக்கு இது, கை அனுபவமும் அதையே சொல்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் நிற்கும். மேலே அந்த ஒரு அடியை இறைத்துக் குறைத்தால், கீழே உப்பு நாற்பது அடி ஏறிவர வழி திறக்கிறது. மேலே ஒரு அடிதானே என்று நினைப்போம். கீழே நடப்பது கண்ணுக்குத் தெரியாது.

அப்பு காலத்தில் துலா. ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை (ஓலை வாளி) பிடிக்க, ஒருவர் தண்ணீர் கட்ட, விடிய நான்கு மணிக்குத் தொடங்கி வெயில் ஏற முடியும். மனிதன் களைக்கும்போது கிணறும் இளைப்பாறும். பம்ப் களைக்காது. மண்ணெண்ணெய் இருக்கும்வரை இழுக்கும்.

இப்போது தம்பி சொல்கிற குழாய்க்கிணறு. கடற்கரையை அண்டின ஒரு தோட்டத்தில் சில வருடங்களுக்கு முன் ஒன்று அடித்தார்கள். மேலே கட்டுக்கட்டவும் குழிவெட்டவும் கூப்பிட்டார்கள், நானும் போய் நின்றேன். தொண்ணூறு அடி. முதல் வருடம் தண்ணீர் பாய்ந்த பாய்ச்சலைப் பார்க்க ஊரே வந்தது. மூன்றாவது கோடையில் வெங்காயத் தாள் நுனி கருகத் தொடங்கியது. வாயில் வைத்தால் சவர், உப்புக் கரிக்கும். சுற்றிவர இருந்த நான்கு கிணறுகளும் அதோடு சவராகின. அந்த நான்கில் ஒன்று அப்புவும் நானும் வெட்டினது. அந்த வீட்டு அம்மா இப்போது குடிக்கப் பவுசர் லொறியில் வருகிற தண்ணீருக்குக் கானை வைத்துக்கொண்டு ஒழுங்கையில் நிற்கிறார். நான் அந்தப் பக்கம் போகும்போது சைக்கிளை வேறு ஒழுங்கையால் விடுகிறேன். அன்று அங்கே வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். கூலிக்குப் போனவன் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அதனால் இப்போது சொல்கிறேன். பழைய கிணற்றையே தூர் எடுங்கள். உங்கள் தாத்தா எந்தக் கல்லில் நிறுத்தினாரோ அந்தக் கல்லில் நிறுத்துங்கள். அந்தக் காலத்தவர்கள் கோடை உச்சத்தில், தண்ணீர் ஆகக் கீழே போயிருக்கும்போது பார்த்துத்தான் நிறுத்தினார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. காணியைச் சோதித்துக் கண்ணிவெடி இல்லை என்று தந்திருப்பார்கள். கிணற்றுக்குள் சோதித்தார்களா என்று எழுத்தில் கேளுங்கோ. மூடின கிணற்றில் சுவர் மட்டும்தான் போட்டிருப்பார்கள் என்று நினைக்கவேண்டாம். அது தெரியும்வரை அப்பாவை அலவாங்கு போட விடாதேங்கோ.

மலக்குழியைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள், ஆறு பரப்பில் இடம் இருக்கிறது. இந்தக் கல்லில் எதை ஊற்றினாலும் வடிகட்டாமல் இறங்கும். யூரியாவும் அப்படித்தான். குடிதண்ணீரில் நைத்திரேற்று ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. வலிகாமத்தில் தோட்டக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருக்கின்றன. கைக்குழந்தைக்கு அது கூடாது. தண்ணீர் ஊறினதும் ஒரு போத்தல் சோதிக்கக் கொடுங்கள். தோட்டம் செய்யப்போகிறீர்கள் என்றால் முன்னைப்போல் பூவரசங்குழையை உரமாக மண்ணில் தாழ்த்துங்கள்.

---

வலிவடக்கு மகள் எழுதியது:

உடனே எழுதமுடியவில்லை. இன்று புரட்டாதி பத்து. நடந்ததைச் சொல்கிறேன்.

புத்தூர் ஐயா சொன்னபடி எழுதிக் கேட்டேன். கிணற்றுக்குள் சோதிக்கவில்லை என்றுதான் பதில் வந்தது. இரண்டு கிழமை கழித்து வந்து மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே இறங்கினார்கள். எட்டடியில் துருப்பிடித்த ஒரு பொருளை எடுத்துக்கொண்டு போனார்கள், என்னவென்று எங்களுக்குச் சொல்லவில்லை. ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அப்பா அந்த இடத்தில் நின்றிருப்பார்.

அவர்கள் போனபிறகு நாள் பார்த்து ஐயர் வந்தார். மாணவித் தங்கை எழுதித்தந்த மந்திரத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 'இதை என் தகப்பனார் வாயால் கேட்டிருக்கிறேன்' என்றார். சுரத்தோடு ஓதினார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

அப்பாவுக்கு நான் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன், சமுத்ரவஸநேயும் பாரிடை ஐந்தாயும். அவர் தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். குந்தியிருந்து வலது உள்ளங்கையை மண்ணில் அழுத்தினார், அப்பாச்சி செய்த அதே மாதிரி. 'காலும் வைக்கிறன், அலவாங்கும் வைக்கிறன். நெஞ்சில படாமல் பார்த்துக்கொள். பொறுத்துக்கொள் தாயே' என்றார். அவ்வளவுதான். பக்கத்து வளவு அம்மா 'வான்முகில்' தொடங்க, எல்லோரும் சேர்ந்தோம். முதலடியை இரண்டு தரம் பாடினோம்.

தம்பியோடு நான்கு இரவு பேசவேண்டியிருந்தது. அவன் கெட்டவன் இல்லை. அப்பா வாளி இழுக்கக்கூடாது என்பதுதான் அவன் நினைப்பு. நாற்பது அடிக் கணக்கைப் படித்துக் காட்டினேன். குழாய்க்கிணற்றுக் காசில் கிணற்றுக்குக் கட்டுக் கட்டி, சின்ன மோட்டார் ஒன்று பூட்டி, கட்டப்போகிற வீட்டுக் கூரைத் தண்ணீரைக் கல்லுக்குள் இறங்கவிட ஒரு குழியும் வெட்டுவதாக இப்போது முடிவு.

22 அடியில் பழைய அடிக்கல் வந்தது. அதில் தாத்தாவின் ஆட்கள் கொத்திய தடம் அப்படியே இருக்கிறது. ஒரு மூலையில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. கீழே நின்ற வேலைக்காரத் தம்பிமார் ஒரு சிரட்டையில் அள்ளி வாளியில் வைத்து மேலே அனுப்பினார்கள். அப்பா குடித்துவிட்டு எனக்குத் தந்தார். சேறு மணத்தது, உப்பு இல்லை. வேலைக்கு வந்த தம்பி 'ஐயா, கொம்பிரசர் இன்றைக்கு இங்கேதான் நிற்கிறது, இன்னும் மூன்று அடி இறக்கித் தரட்டா? ஊற்று நல்லாத் திறக்கும்' என்று கேட்டார்.

'காணும், போதும்' என்றார் அப்பா.

---

புத்தூர்க் கிணற்றடி எழுதியது:

சந்தோஷம் தங்கச்சி. முதல் மாரித் தண்ணீர் நிரம்பினதும் ஒருக்கால் முழுக்க இறைத்துவிடுங்கோ, அதில் பழைய அழுக்கு வரும். பிறகு சித்திரையில் தண்ணீர் கீழே போயிருக்கும்போது விடிய வெறுவயிற்றில் ஒரு மிடறு குடித்துப் பார்த்து இங்கே எழுதுங்கோ. நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.